துக்கவீடும் அயலார் கடனும்



நடுவகுப்பு மாணாக்கருக்குப் பிறர்க்குதவுதல் என்னும் பொருளைப் படிப்பிக்கப் புகும் உபாத்தியாயர் பெரும்பாலும் ஒரு கட்டுரை எழுதுவிப்பர். மாணாக்கன், துன்பப்படுவோருக்கு நாம் உதவுதல் வேண்டும் என்று தொடங்கி, ஆதலால் நாமெல்லோரும் உதவுவோமாக என்று முடிப்பான். இடையில் உள்ளவை யாவும் அவ்விரு வாக்கியங்களின் விரிவேயாம். பத்துக்கு எட்டுப் புள்ளி இடப்படும். யாமும் பல்லாண்டு அவ்வாறே இட்டுவந்தோம். ஆயின், அவ்வுதவி யாது, எந்நாளிற் செய்யப்பட்டது, எவர் கையாற் செய்யப்பட்டது, எத்துணைப் பொழுது பிடித்தது என்று அம்மாணாக்கனை வினவினால் அவன் விழித்து நிற்பான். அது அவன் குற்றமன்று. சொல்லைக் கொடுத்துப் பொருளைக் கொடாது விட்ட எமது குற்றமே.

ஆகலின் இப்பொருளைப் பொதுப்படக் கூறாது, மாணாக்கன் கண்ணுக்கு எட்டியதொன்றை வைத்துப் படிப்பித்தல் நன்று. யாம் எடுத்துக்கொண்டது, கமக்காரர் வீடொன்றில் மரணம் நேர்ந்தவிடத்து அயலார் செய்யுங் கருமங்களாம். யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்மண் ஊர்களில் யாம் கண்டும் கேட்டும் அறிந்தனவே ஈண்டுக் கூறப்படுவன. தீவுப்பகுதியிலும் வன்னியிலும் கிழக்கிலும் உள்ள ஆசிரியர்கள் தத்தம் ஊர் வழக்கோடு ஒப்பிட்டு, வேண்டியவற்றை மாற்றிக்கொள்க.

பாடத்தை ஒரு கணக்கோடு தொடங்கலாம். எம்மவருட் பெரும்பாலார் மரண ஆசௌசம் முப்பத்தொரு நாள் காப்பர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. சின்ன வெங்காயம் நட்டு ஏறக்குறைய அறுபது முதல் எழுபத்தைந்து நாளிற் கிண்டப்படும். செம்மண்ணோ நீரை விரைந்து உட்கொண்டு கீழேயுள்ள சுண்ணக்கல்லுக்கு விட்டுவிடும் இயல்பினது. ஆகவே கோடையில் மூன்று நான்கு நாளைக்கொருமுறை இறைத்தல் வேண்டும். முப்பத்தொரு நாளில் எத்தனை இறைப்பு என்று பிள்ளைகளைக் கணக்கிடச் செய்க. எட்டு என்பான் ஒருவன், பத்து என்பான் ஒருவன், இருவரும் சரியே. அப்பத்து இறைப்பையும் தவறவிட்ட தோட்டத்தில் என்ன எஞ்சும் என்று அடுத்து வினவுக. கமக்காரர் பிள்ளைகள் கைதூக்காமலே விடை சொல்வர்.

ஆசௌசமுடையார் மண்ணைத் தொடலாகாது என்று விதியுண்டென யாம் சொல்லவரவில்லை. கொள்ளி வைத்தவர் வீட்டிலே இருந்து வருவோரை ஏற்றல் வழக்கம். எட்டாம் நாள்வரையும் வருவோர் ஓயார். பிணியோடு கிடந்தவரை இராப்பகலாகப் பார்த்த களைப்பும் உண்டு. எல்லாவற்றிற்கும் மேலாக, இறந்தவர் நேற்று நின்ற வரம்பிலே இன்று போய் நிற்கும் வலிமை எல்லோருக்கும் உடனே வருவதன்று. பயிர் இவற்றுள் ஒன்றையும் அறியாது. கமக்காரர் வீட்டுத் துக்கத்துக்கும் உத்தியோகத்தர் வீட்டுத் துக்கத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே. உத்தியோகத்தருக்கு விடுமுறை உண்டு.

நெல்லுக்கும் இவ்வாறே சொல்லலாம். எம் பகுதிக் காலபோகம் மழையை நம்பி விதைக்கப்படுவது. தை மாசியில் அரிவிவெட்டு. முற்றிய கதிர் ஒரு கிழமை தாமதித்தாற் கொட்டுண்ணும். பிந்திய மழை வந்தாற் சாய்ந்து முளைக்கும். வெட்டிய உப்பட்டியைக் கட்டிச் சூடு வைக்காது விட்டால் அதுவும் நட்டமே. புகையிலைக் கன்றுக்கு இறைப்பும் கெட்டு முறிப்பும் தவறலாகாது. மாடு நிற்கும் வீடாயின் காலையும் மாலையும் பால் கறக்க ஒருவர் வேண்டும். மடி கனத்து நிற்கும் பசு, வீட்டிற் பிணங் கிடக்கின்றதென்று பொறுக்குமோ? இறந்தவரின் கைப்பழக்கமுடைய பசு வேற்றார் கையை உதைக்கவுஞ் செய்யும். அதனைக் கறக்க வந்த அயல்வீட்டு மூதாட்டியார், இறந்தவருடைய சால்வையைத் தோளிற் போட்டுக்கொண்டு போனதை யாம் கண்டதுண்டு.

இனி, இறைப்பைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். இக்காலப் பிள்ளைகள் இயந்திரத்தையன்றி வேறொன்றை அறியார். 1950ஆம் ஆண்டுகளிலும் அவற்றின் பின்னரும் நீரிறைக்கும் இயந்திரம் பரவும் வரைக்கும் துலாவே தோட்டத்தின் உயிராயிருந்தது. துலாக்காலின்மேற் கிடந்த நீண்ட மரத்தில் ஒருவரோ இருவரோ ஏறி முன்னும் பின்னும் நடப்பர். அவர் பாரத்தால் துலா தாழ்ந்தெழும். கிணற்று மிதியில் ஒருவர் நின்று பட்டையைப் பிடித்துத் தாழ்த்தி, நிரம்பி வந்த நீரைக் கவிழ்ப்பர். வேறொருவர் மண்வெட்டியோடு நின்று வாய்க்காலை வெட்டியும் அடைத்தும் பாத்தி பாத்தியாக நீர் மாறுவர். குறைந்தது மூவர், பெரும்பாலும் நால்வர் வேண்டும். ஒரு குடும்பத்தில் நான்கு ஆடவர் எப்பொழுதும் இரார். ஆகவே இன்று உனது தோட்டம், நாளை எனது தோட்டம் என்று கைம்மாற்றாக இறைத்தனர். கிணறும் பெரும்பாலும் பங்குக் கிணறே. இன்னார்க்கு இன்ன நாள் என்று முறை வைத்திருந்தனர்.

இதிலிருந்து ஆசிரியர் ஒன்றைக் காட்டுதல் வேண்டும். துக்கவீட்டாரின் இறைப்பு முறை வரும் நாளில் அயலார் போய் நின்றது புதிதாகத் தோன்றிய இரக்கத்தாலன்று. அவர்கள் முன்னரே அக்கிணற்றடியில் நின்றவர்கள். நால்வருள் ஒருவர் இல்லாது போக, அவ்விடத்தில் இன்னொருவர் ஏறினார், அவ்வளவே. மனிதருடைய ஈரநெஞ்சைக் குறைத்துக் கூறுவது எமது கருத்தன்று. ஈரநெஞ்சுக்கு வழி வெட்டி வைத்தது அவ்வேற்பாடு என்பதே கருத்து.

துக்கவீட்டின் உள்ளே நடப்பனவற்றைப் பிள்ளைகள் ஓரளவு அறிவர். நன்மைக்கு அழைத்தாற் போதலும் தீமைக்கு அழையாமற் போதலும் ஊர் வழக்கு. அவ்வீட்டில் அடுப்பு மூட்டப்படுவதில்லை. கோப்பியும் சோறும் அயல்வீடுகளில் ஆகி வேலிப்பொட்டால் வரும். ஒருவர் கிடுகு கொண்டுவந்து பந்தரிடுவர். ஒருவர் தம் வளவில் நின்ற மரத்தைத் தறித்து விறகு பிளப்பர். இளைஞர் சைக்கிளில் ஊரூராய்ச் சென்று சொல்வர்; பிற்காலத்தில் வானொலி மரண அறிவித்தல் அவ்வேலையைக் குறைத்தது. சிறு பிள்ளைகளை ஒரு வீட்டார் கொண்டுபோய் முழுகவார்த்து உறங்கவைப்பர். பெண்கள் வந்து கட்டியழுவர். ஒப்பாரி என்னுஞ் சொல்லுக்கு ஒப்பு என்னும் பொருளும் உண்டென்பதை இவ்விடத்துச் சொல்லுதல் தகும். அழவந்தவள் தன் வீட்டு மரணத்தையும் நினைந்தே அழுகின்றாள். அவ்வகையில் இருவரும் ஒப்பாகின்றனர். கிரியைக் காலத்தில் திருப்பொற்சுண்ணம் பாடத் தெரிந்த ஒருவர் அயலில் இருப்பது பெரும்பேறு. இரவில் ஆடவர் காவலிருந்து முந்நூற்றுநாலு விளையாடுவர். கடதாசி விளையாட்டை யாம் ஒருகாலத்தில் வன்மையாகக் கண்டித்தோம். விடியுமளவும் விழித்திருக்க எம்மிடம் வேறு வழி இருந்ததோவென்றால் இல்லை. ஆகவே இப்பொழுது கண்டிப்பதில்லை.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை. முற்காலத் துக்கவீட்டைப் பற்றிப் புகழ்ந்து பேசுவோர், பறையடித்தவரையும் வெளுத்துக் கொடுத்தவரையும் சவரஞ் செய்தவரையும் அயலார் உதவி என்னும் ஒரே கணக்கில் அடக்கிவிடுவர். அது பிழை. அவர்கள் குடிமை முறையால் வந்தவர்கள். வாராதிருக்க அவர்களுக்கு உரிமை இருந்ததில்லை. அவர்கள் வீட்டு மரணத்துக்கு எத்தனை பேர் வேலி கடந்து போயினர் என்று கேட்டால் முதியோர் பேச்சை மாற்றுவர். அவர்கள் பொதுக் கிணற்றில் அள்ளவுந் தடையிருந்தது. சாதிபற்றிய தடைகளைக் குற்றமாக்கிய சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டும், 1960ஆம் ஆண்டுகளின் இறுதிவரை கோயில் வாசல்களிற் போராட்டம் நடந்தது. வாராதிருக்கக் கூடியவன் வருவதே உதவி. இதனை வகுப்பில் மறைத்தல் தகாது; அவ்வகுப்பில் யார் யார் பிள்ளைகள் இருக்கின்றனர் என்பதை எண்ணிப் பார்க்க.

நூல் வகையால் இப்பொருளை ஆராயப் புகுவோர் ஈகையைப் பற்றிய அதிகாரத்தையே பெரும்பாலும் எடுக்கின்றனர். திருவள்ளுவர் ஈகையை 23ஆம் அதிகாரமாக வைத்து, அதற்கு முன்னே 22ஆம் அதிகாரமாக ஒப்புரவறிதலை வைத்தார். இரண்டும் ஒன்றாயின் இரண்டு அதிகாரம் வேண்டா. ஈகை வறியார்க்குக் கொடுத்தல். கொடுப்பான் மேலும் ஏற்பான் கீழுமாக நிற்பர். ஒப்புரவோ உலகநடையறிந்து செய்தல். அதிலே மேல் கீழ் இல்லை. அது நூலில் விதிக்கப்பட்டுக் கிடவாமல் அவரவர் தாமே அறிந்து செய்யற்பாலது என்னுங் கருத்துப்படப் பரிமேலழகரும் உரை கூறினார். துக்கவீட்டுக்குச் சோறு கொண்டுபோவது ஈகையாகாது. நூறு பரப்பு நிலமுடையவர் வீட்டிலும் அன்று அடுப்பில்லை. அவரும் அயல்வீட்டுச் சோற்றையே உண்பர். உண்பதனால் அவருக்கு இழிவில்லை. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகள் உணர்ந்தாற் பாடத்திற் பாதி முடிந்தது.

பெரியபுராணத்திலிருந்து உதாரணம் வேண்டுவோர் இளையான்குடிமாற நாயனார் சரிதத்தைச் சொல்லுகின்றனர். அவர் விதைத்த நெல்லை இரவு மழையில் வாரிவந்து அடியாருக்கு அமுதூட்டியது விருந்தோம்பலும் அடியார் பத்தியுமாம். துக்கவீட்டுக்கு அது பொருந்தாது. எமக்குப் பொருந்துவதாகத் தோன்றுவது திருமருகலில் நிகழ்ந்தது. மாமன் மகளும் மருமகனுமாகிய இருவர் ஊரைவிட்டு வந்து திருமருகலிலே ஒரு மடத்திற் தங்கினர். இரவிலே வணிகனாகிய அவனைப் பாம்பு தீண்டிற்று, அவன் இறந்தான். இன்னும் மணம் முடியாமையால் அப்பெண் அவனைத் தீண்டி அழவும் இயலாதவளாயினாள். தாய் தந்தையர் இல்லை, சுற்றமில்லை, அயலென்று சொல்ல ஒரு வீடில்லை. அவள் புலம்பலைக் கேட்டு வந்த திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் பதிகம் பாடி விடந்தீர்த்து, இருவரையும் மணம்புணரச் செய்தருளினார். அப்பதிகம் இரண்டாந் திருமுறையில் உள்ளது. ஆசிரியர் விடந்தீர்த்த அற்புதத்திலே போய் நின்றுவிடாமல், அதற்கு முந்திய நாழிகையிலே சிறிது நிற்றல் வேண்டும். அன்னிய ஊரிலே பிணத்தருகில் தனியே இருந்து அழும் ஒருத்தியின் குரல் ஒருவர் செவியில் விழுந்தது, அவர் நின்றார். அற்புதம் எமக்கு இயலாது. நிற்றல் இயலும்.

இதனை யாம் எழுதுங்கால் எமக்கே வெட்கமுண்டாகின்றது. காரணத்தைச் சொல்லிவிடுகின்றோம்.

2011ஆம் ஆண்டிலே யாம் ஒரு பாடசாலையில் எட்டாம் வகுப்புக்கு இதே பொருளைப் படிப்பித்துக் கொண்டிருந்தோம். வகுப்பில் ஒரு பெண்பிள்ளை. தாயாரை இழந்து முப்பத்தொரு நாட் கழித்து அன்றுதான் வந்திருந்தாள். தந்தையார் தோட்டஞ் செய்பவர். உயிருள்ள உதாரணம் கிடைத்ததென்று மகிழ்ந்து, "உங்கள் வீட்டுக்கு அயலார் என்னென்ன உதவி செய்தனர், எழுந்து சொல்" என்று கேட்டோம். அவள் எழுந்து நின்றாள். நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "ஒருத்தரும் வரேல்லை, சேர்" என்றாள்.

அக்குடும்பம் போரினாற் பலமுறை இடம்பெயர்ந்து, 2009ஆம் ஆண்டின்பின் எம்மூரில் ஒரு வெறுங்காணியிற் குடியேறியது. அவர்களுக்கு ஒரு பக்கத்திற் பற்றைக்காடு. மறுபக்கத்தில் உடையவர் வெளிநாட்டிலிருக்கும் பூட்டிய வீடு. கிணற்றுக்குப் பங்காளியில்லை. தாயார் இறந்த கிழமையில் நட்டிருந்த வெங்காயம் முழுதும் காய்ந்துபோயிற்று என்பதை யாம் பின்பு அறிந்தோம். எமது வீடு அங்கிருந்து அரைக்கட்டை தூரம். அவ்வீட்டில் மரணம் என்பதை வரவுப்பதிவில் எழுதியவரும் யாமே. பதிவில் எழுதினோம், போகவில்லை.

அயலார் உதவி குன்றியதற்கு மனிதர் மனம் குன்றியதே காரணம் என்று பேசுவது எளிது. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவிற் பெயர்ந்து தென்மராட்சிக்குப் போயிற்று. தலைமுறை தலைமுறையாக ஒரே கிணற்றில் இறைத்தவர்கள் வெவ்வேறு ஊர்களிலும் வெவ்வேறு தேசங்களிலும் சிதறினர். அயல் என்பது வேலியும் நிலமும் மட்டுமன்று. பலவாண்டு கொண்டுங் கொடுத்தும் பழகியது. அது பெயர்ந்தால் நட்டவுடன் வேர் கொள்ளாது. இதனோடு இயந்திரங்களும் வந்தன. இறைப்புக்கு ஒருவர் போதும். அரிவிவெட்டுக்குக் கூலி கொடுத்தால் இயந்திரம் வந்து வெட்டிச் செல்லும். வேலை இலகுவானது நன்மையே. துலா மிதித்துக் காலொடிந்தவர் உண்டு, அக்காலம் திரும்ப வேண்டுமென்று யாம் விரும்பவில்லை. மரண சகாயச் சங்கங்கள் பணமும் பந்தரும் கதிரையும் கொடுக்கின்றன. மலர்ச்சாலையார் மற்றையவற்றைப் பார்க்கின்றனர். கனடாவிலிருக்கும் மகன் கைத்தொலைபேசியிற் கிரியையைக் காண்கின்றான். ஆனால் இவற்றுள் ஒன்றும் நாலாம் நாள் தோட்டத்துக்கு நீர் விடுவதில்லை.

அன்று தொடக்கம் யாம் படிப்பிக்கும் முறையை மாற்றினோம். துக்கமுள்ள பிள்ளையை வகுப்பில் எழுப்பி வினவுதல் அறவே கூடாது. அப்பிள்ளை வந்திருக்கும் நாளில் இப்பாடத்தை எடுத்தலுங் கூடாது. பயிர்க்கணக்கையும் துலாவையும் வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்க. முதியோரிடம் போய்க் கேட்டுவரும்படி பிள்ளைகளை ஏவுங்கால், நல்லவற்றை மாத்திரங் கேட்கச் சொல்லாது, எவர் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதையுங் கேட்கச் சொல்லுக. பிள்ளை வாராத நாட்களின் பாடங்களை வகுப்பிலுள்ளோர் முறைவைத்து எழுதி ஒரு கொப்பியாக்குதல் வேண்டும். இறைப்பு முறையே கொப்பிக்கும் முறை. ஆசிரியர் தாமும் அவ்வீட்டுக்குப் போதல் வேண்டும். போனால், "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்டல் வீண், துக்கமுடையார் ஒன்றும் வேண்டாமென்றே சொல்வர். "தோட்டத்துக்குக் கடைசியாக எப்பொழுது தண்ணீர் விட்டது?" என்று கேட்டால் விடை வரும்.

கொப்பி எழுதுவிக்கும் வழக்கம் எமது சொந்த யோசனையன்று. யாம் படித்தது மிஷன் பாடசாலையில். 1982ஆம் ஆண்டு வைகாசியில், எமது பதினோராம் பிராயத்தில், எம் தந்தையார் மூன்று நாட் காய்ச்சலிற் சிவபதமடைந்தார். எம் வகுப்பாசிரியர் கிறிஸ்தவர். எமது ஆசௌச முறைகளில் அவருக்கு உடன்பாடில்லை என்பதை யாம் அறிவோம். அவர் இருபதாம் நாள் சைக்கிளில் வந்து, வகுப்புப் பிள்ளைகள் எழுதிய கொப்பி மூன்றை எம் அன்னையாரிடம் கொடுத்து, படலையில் நின்றபடியே போயினார். ஆசௌசத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

அப்பொழுது எம் தோட்டத்திலே நான்கு பரப்பு வெங்காயம் நட்டு ஐந்து கிழமை. எமது இயந்திரமோ பழுதாகிக் கழற்றிக் கிடந்தது. மேற்கு வேலிக்காரருக்கும் எம் தந்தையாருக்கும் ஏழாண்டாக நன்மை தீமை இல்லை. கதியால் ஒரு சாண் உள்ளே வந்துவிட்டதென்று வழக்கு. சுடலையால் வந்த அன்றிரவு மேற்குப் பக்கத்தில் இயந்திரச் சத்தங் கேட்டது. அவரும் மூத்த மகனும் வழக்குக்குரிய அந்த வேலியிலேயே பொட்டு வெட்டி, தங்கள் இயந்திரத்தைத் தூக்கிவந்து எமது கிணற்றில் வைத்து இறைத்தனர். நான்கு நாளைக்கொருமுறை, மொத்தம் எட்டு இறைப்பு. இடையில் ஒருநாளும் வீட்டுக்குள் வரவில்லை. அந்தியேட்டிப் பந்தியிற் கடைசியில் இருந்து உண்டு எழுந்து போயினார். வெங்காயங் கிண்டி விற்றபின் எம் அன்னையார் மண்ணெண்ணெய்க் காசு அனுப்பினார். அவர் வாங்கவில்லை. கொண்டுபோனவரும் திருப்பிக் கொண்டுவந்தவரும் யாமே. அடுத்த சித்திரையிற் கதியால் நாட்டும்பொழுது வழக்கு மீண்டும் தொடங்கிற்று. பொட்டையும் அவரே அடைத்தார்.

அவர் 1993ஆம் ஆண்டில் இறந்தார். பொருளாதாரத் தடைக்காலம், மண்ணெண்ணெய் பொன்விலை விற்றது, இயந்திரங்கள் ஓய்ந்து கிடந்தன. எம்மூரிற் சிலர் பழைய துலாக்களை மீண்டும் நாட்டியிருந்தனர். அவர் வீட்டாரும் நாட்டியிருந்தனர். துலாவுக்கு மூவர் வேண்டும். அவருடைய மகன் கொள்ளி வைத்தவராய் வீட்டிலிருந்தார். எம் அன்னையார் எம்மை அழைத்து, விடிய நான்கு மணிக்குப் போகும்படி சொன்னார். வேலியிற் பொட்டில்லாமையால் ஒழுங்கையாற் சுற்றிப் போனோம். கீழைவீட்டார் இருவர் முன்னமே வந்து பட்டையைக் கழுவிக்கொண்டு நின்றனர். துலாவில் ஏறி நடக்க எமக்குத் தெரியாது. ஒருவர் கீழே நின்று காலை எங்கே வைப்பதென்று சொல்லிக்கொடுத்தார். வெயில் ஏறுமுன் மூன்று பரப்பு இறைத்து முடித்தோம். வேலி வழக்கு அன்றும் முடிந்திருக்கவில்லை.